கடை போடுவதற்கு முன் தெருவைப் படிப்பது எப்படி

ஈரோட்டில் மேட்டூர் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து 14 வருஷமாகக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஜிஎஸ்டி பதிவு, ரிட்டர்ன், சிறுதொழில்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் உத்யம் சான்றிதழ், வங்கிக்குக் கொடுக்கும் புராஜெக்ட் ரிப்போர்ட், இவைதான் பிழைப்பு. யார் தொழில் தொடங்குகிறார்கள், யார் பூட்டுகிறார்கள் என்பது அவர்கள் வீட்டுக்குத் தெரிவதற்கு முன்பே சில சமயம் எனக்குத் தெரிந்துவிடும்.

போன ஐப்பசியில் 27 வயதுப் பையன் ஒருவன் மாடியேறி வந்தான். வீரப்பன்சத்திரத்தில் இட்லி மாவுக் கடை போட வேண்டுமாம். இடம் பார்த்தாயிற்று, அட்வான்ஸ் மட்டும்தான் பாக்கி.

"இப்ப எல்லாருமே தொழில்தானுங்க்கா ஆரம்பிக்கறாங்க. கோடிக்கணக்குல பதிவாகுதுன்னு போன்ல பார்த்தேன். நாம மட்டும் ஏனுங்க சும்மா இருக்கோணும்?"

அட்வான்ஸைக் கையிலேயே வைத்துக்கொள், ஒரு மாசம் நான் சொல்வதைச் செய்துவிட்டு வா என்றேன். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், 2018இல் நானே தொலைத்த மூன்றரை லட்சம் ரூபாய்தான்.

அந்த வருஷம் மரச்செக்கு எண்ணெய்க்குப் பெரிய மவுசு. பத்தே மாதத்தில் என் மேஜைக்கு மட்டும் 11 செக்குப் பதிவுகள் வந்தன. அப்போது உத்யம் கிடையாது, அதற்கு முந்தைய பதிவான உத்யோக் ஆதார்தான். ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யச் செய்ய எனக்கும் கை அரித்தது. இத்தனை பேர் இறங்குகிறார்கள் என்றால் காசு இருக்கத்தானே வேண்டும்? கொழுந்தனாரோடு கூட்டு சேர்ந்து ஒரு வாகை மரச் செக்கு இறக்கினோம். 15 கிலோ கடலைப்பருப்பு போட்டால் ஆறு கிலோவுக்குப் பக்கமாக எண்ணெய் வரும், மீதி புண்ணாக்கு. எண்ணெய் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் கடையிலிருந்து கல்லெறி தூரத்தில் இன்னும் மூன்று செக்குகள். நான்கு பேரும் ஒரே நூறு வீட்டுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தோம். அடுத்த தீபாவளிக்குள் அந்தப் பதினொன்றில் ஆறு நின்றுவிட்டன, எங்களுடையதையும் சேர்த்தால் ஏழு. மோட்டாரை ஒருவர் வாங்கிக்கொண்டார். உரலும் உலக்கையும் இன்னும் கொழுந்தனார் வீட்டுத் தாழ்வாரத்தில் கிடக்கின்றன, கோழி அடைகிறது.

நான் எண்ணியது ஆசைப்பட்டவர்களின் தலையை. எண்ணெய் வாங்குகிறவர்களை எண்ணவில்லை.

பதிவு எண்ணிக்கையை எப்படிப் பார்ப்பது

உத்யம் தளம் 2020 ஜூலை 1 அன்று தொடங்கியது. இன்று அதில் ஆறு கோடிக்கு மேல் பதிவுகள் இருக்கின்றன. கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் அந்த எண்ணுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று என் மேஜையிலிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும்.

முதலில், பழைய பதிவு வைத்திருந்த எல்லோரும் புதிதாகப் பதிய வேண்டியிருந்தது. என் தாத்தா காலத்து லேத் பட்டறைக்கும் 2021 தேதியில் சான்றிதழ் இருக்கிறது. சான்றிதழில் தொழில் தொடங்கிய தேதி தனி, பதிவுத் தேதி தனி. செய்தியில் வருகிற கூட்டுத்தொகையில் இந்தப் பிரிவினை கண்ணில் படாது. அப்புறம், 2021 ஜூலையிலிருந்து சில்லறை, மொத்த வியாபாரிகளையும் சேர்த்தார்கள். ஏற்கெனவே பல வருஷமாக இருந்த மளிகைக் கடைகளெல்லாம் அந்த மாதத்திலிருந்து புதுப் பதிவு ஆயின. 2023 ஜனவரியில் உத்யம் அசிஸ்ட் வந்தது. ஜிஎஸ்டி இல்லாத குட்டிக் கடைகளை வங்கிகளும் நிதி நிறுவனங்களுமே சேர்த்துவிட்டன. கடன் கொடுக்கிறவர் சான்றிதழ் கேட்டால் பதிவு ஏறும், இவ்வளவுதான் விஷயம். மூடுகிறவர்களோ ரத்து செய்ய வருவதே இல்லை. பழைய உத்யோக் ஆதாரை ரத்து செய்ய, செக்கை நிறுத்திய அந்த ஆறு பேரில் ஒருவர்கூட வரவில்லை. நானும் செய்யவில்லை.

கொஞ்சம் நம்பலாம் என்றால், மத்திய புள்ளியியல் துறை வீடு வீடாகப் போய் எடுக்கும் கணக்கைப் பார்க்கலாம். கம்பெனியாகப் பதியாத, விவசாயம் சாராத தொழில்கள் 2022-23இல் 6.50 கோடி, 2023-24இல் 7.34 கோடி. ஏறக்குறைய 13 சதவீத ஏற்றம். இது ஆள் நேரில் போய்ப் பார்த்த கணக்கு. ஆனால் அதிலும் ஐந்தில் நான்குக்கு மேல் கூலி ஆள் வைக்காத தொழில்கள், அதாவது அவரும் வீட்டுக்காரம்மாவும். வேலை கிடைக்காததால் தொடங்கினவரையும், வியாபாரம் இருக்கிறது என்று தொடங்கினவரையும் இந்த எண்கள் பிரித்துச் சொல்லாது. தெருவில் இறங்கித்தான் பிரிக்க வேண்டும்.

வியாபாரிகளின் நம்பிக்கையை அளக்கும் குறியீடுகளும் இப்படித்தான். ரிசர்வ் வங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை உற்பத்தி நிறுவனங்களைக் கேட்கிறது, 100க்கு மேல் என்றால் நல்ல எதிர்பார்ப்பு என்று பொருள். நம் மாவுக் கடையை அது கேட்காது. அமெரிக்காவில் சிறு வியாபாரிகள் சங்கம் ஒன்று 1973இலிருந்து இதே கேள்விகளைக் கேட்டுவருகிறது. அங்கே துண்டு, போர்வை அனுப்பும் ஒரு வாடிக்கையாளருக்காக அதைப் பார்க்கப் பழகினேன். 2024 அக்டோபரில் 93.7ஆக இருந்தது, டிசம்பரில் 105.1. இரண்டு மாதத்தில் அங்கே கடைகளில் என்ன மாறிவிடும்? நடுவில் தேர்தல் முடிந்தது, அவ்வளவுதான். வாய் சொல்கிற நம்பிக்கை இப்படித் துள்ளும். கை காட்டுகிற நம்பிக்கை மெதுவாகத்தான் நகரும். நாம் பார்க்க வேண்டியது கையை.

முதல் வாரம்: பெயர்ப் பலகை

ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் போதும். கடை போட நினைக்கும் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடங்கள். ஜிஎஸ்டி எடுத்த கடை ஒவ்வொன்றும் வாசல் பலகையில் எண்ணைப் போட வேண்டும் என்பது விதி. 33 என்று தொடங்கும் 15 இலக்க எண். பாதிப் பேர் போட மாட்டார்கள். அவர்களிடம் ஒரு சோப்போ பேனாவோ வாங்கி பில் கேளுங்கள்.

ராத்திரி வீட்டுக்கு வந்து ஜிஎஸ்டி தளத்தில் "வரி செலுத்துபவரைத் தேடு" பகுதியில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். லாகின் எதுவும் வேண்டாம். பதிவான தேதி, இன்னும் உயிரோடு இருக்கிறதா அல்லது ரத்தா, கடைசியாக ரிட்டர்ன் போட்ட தேதி என்ன, எல்லாம் வரும். பதிவுத் தேதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். 20 கடையில் 12 கடை இரண்டு வருஷத்துக்குள் வந்தது என்றால் அது வளர்கிற தெருவாகவும் இருக்கலாம், ஆள் மாறிக்கொண்டே இருக்கும் தெருவாகவும் இருக்கலாம். எது என்று பூக்காரம்மாவைக் கேட்டால் சொல்லிவிடுவார்: "இந்தக் கடையில இதுக்கு முன்னால யாருங்க இருந்தாங்க?"

ரிட்டர்ன் தேதியை நான் உற்றுப் பார்ப்பேன். மாதாமாதம் 20ஆம் தேதிக்குள் போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று இரண்டு மாதம் தள்ளிப் போட்டால், பத்தில் எட்டுப் பேருக்குக் காரணம் கையில் காசு இல்லாததுதான். மீதி இரண்டு பேருக்குக் காரணம் என்னைப் போன்ற கணக்காளரின் சோம்பல்.

ஒன்று மட்டும் ஞாபகம் வேண்டும். வருஷ விற்பனை 40 லட்சத்துக்குள் இருக்கும் சரக்குக் கடைக்கு ஜிஎஸ்டி கட்டாயமில்லை. ஆகவே சின்னக் கடைகள் இந்த வலையில் விழாது. அவற்றுக்கு வேறு வழி.

இரண்டாம் வாரம்: கேட்கிற விதம்

"வியாபாரம் எப்படிங்க?" என்று மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள். "டல்லுங்க" என்றுதான் சொல்வார்கள். கண் பட்டுவிடும் என்ற பயம், போட்டிக்கு வருவீர்களோ என்ற பயம், வரி ஆபீஸ் ஆளோ என்ற பயம். கல்லா நிறைந்திருக்கும்போதும் டல்லுதான்.

கேட்க வேண்டியது இப்படி: "தீபாவளிக்கு எத்தனை மூட்டை சொல்லியிருக்கீங்க?" "பக்கத்துக் கடை காலியா இருக்குதே, நீங்க எடுக்கலையா?" "அக்ரிமென்ட் 11 மாசமா, மூணு வருஷமா?" இவற்றுக்குப் பதில் சொல்லும்போது யாருக்கும் பொய் சொல்லத் தோன்றாது. மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டவர் வாயால் என்ன புலம்பினாலும் தெம்பாக இருக்கிறார். பண்டிகைக்கு ஒரே நடையில் சரக்கு எடுத்தவர், இந்த வருஷம் மூன்று நடையாகப் பிரித்து எடுக்கிறார் என்றால் பயந்திருக்கிறார். திங்கள் ராத்திரி ஜவுளிச் சந்தையில் போய் நின்றால் இது பட்டவர்த்தனமாகத் தெரியும். வெளியூர் வியாபாரி பொதியைக் கட்டிவிட்டு ரொக்கம் எடுக்கிறாரா, "அடுத்த வாரம் தரேன்" என்கிறாரா என்று பார்த்தால் போதும்.

அப்புறம் சாயங்காலம் நான்கு மணி வாக்கில் டீக்கடை பெஞ்சில் உட்காருங்கள். தண்டல்காரர் வண்டியில் வருவார், தோளில் ஒரு பை, கையில் சின்ன நோட்டு. பத்தாயிரம் கடன் என்றால் கையில் எட்டாயிரத்து ஐநூறோ ஒன்பதாயிரமோ கொடுப்பார். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வசூல். அவர் எந்தெந்தக் கடையில் நிற்கிறார் என்று எண்ணுங்கள். பத்தில் இரண்டு கடை என்றால் சாதாரணம். ஏழு கடையில் நின்றால் அந்தத் தெரு வியாபாரத்தால் ஓடவில்லை, வட்டியை மாற்றி மாற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. பையன் போன தெருவில் மூன்று. பரவாயில்லை என்று சொன்னேன்.

தெரு யாருடைய கூலியில் ஓடுகிறது

இதைத்தான் பெரும்பாலானவர்கள் பார்ப்பதில்லை, எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. மறுநாள் எல்லோரும் திருப்பூரைப் பற்றிப் பேசினார்கள். நான் பார்த்தது என் போர்வைக்கார வாடிக்கையாளரின் யூனிட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையை. முதலில் ஓவர்டைம் நின்றது. உடனே ராத்திரி ஏழு மணி வடை நின்றது. அடுத்து இரண்டாவது ஷிப்ட். டீக்கடைக்காரர் அமெரிக்காவுக்கு ஒரு கைக்குட்டைகூட அனுப்பியதில்லை, ஆனால் அவருடைய பால் கணக்கு 40 லிட்டரிலிருந்து 25க்கு வந்துவிட்டது.

வீரப்பன்சத்திரத்துக்கு விசைத்தறி. தறிக்கூலி பட்டுவாடா சனிக்கிழமை. பொங்கலுக்கு அரசு கொடுக்கும் இலவச வேட்டி சேலை ஆர்டர் ஓடுகிற மாதங்களில் தெருவே கலகலவென்று இருக்கும். அந்த ஆர்டர் முடிந்து, நூல் விலையும் ஏறிவிட்டால் பாதித் தறி நிற்கும். பையன் எண்ணப் போனது ஐப்பசி, நல்ல மாதம். அதனால் வருகிற எண்ணில் கால் பங்கைக் கழித்துக்கொள் என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

மூன்றாம் வாரம்: எண்ணுவது

அவனுடைய கணக்கை அப்படியே போடுகிறேன். ஒரு கிலோ இட்லி அரிசி 45 ரூபாய், கால் கிலோ உளுந்து 32, வெந்தயம் உப்பு 3. மொத்தம் 80. தண்ணீர் சேர்த்து அரைத்தால் மூன்று கிலோ மாவு. கவர், கரண்ட் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 30 ரூபாய் அடக்கம். விலை 45. கிலோவுக்கு 15 ரூபாய் நிற்கும்.

மாதச் செலவு: வாடகை 12,000, ஆள் கூலி 14,000, கிரைண்டர் தவணை 8,000, வண்டி பெட்ரோல், கல் கொத்துவது, சில்லறை ரிப்பேர் 4,000. ஆக 38,000. இதைக் கட்டுவதற்கே தினம் 85 கிலோ விற்க வேண்டும். "உன் சம்பளம் எங்கே?" என்று கேட்டேன். "லாபம்தானுங்க்கா சம்பளம்" என்றான். எல்லோரும் சொல்வது இதுதான், எல்லோரும் விழுவதும் இங்கேதான். அவன் இப்போது வேலை பார்க்கும் இடத்தில் 20,000 வாங்குகிறான். அதையும் செலவில் எழுதச் சொன்னேன். 58,000. தினம் 129 கிலோ. புளித்துக் கொட்டுவதையும் சேர்த்து 135 என்று வைத்துக்கொண்டோம். ஒரு வீட்டில் மூன்று நாளைக்கு ஒரு கிலோ வாங்கினால், 405 வீடு வேண்டும். அதுவும் வேறு கடைக்குப் போகாத வீடு.

அந்தத் தெருவில் ஏற்கெனவே ஒரு மாவுக் கடை நன்றாக ஓடுகிறது. அதன் எதிரே ஆறு நாள், சாயங்காலம் ஐந்தரையிலிருந்து எட்டு வரை நின்றான். எண்ணுவதற்கு அவன் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்திருந்தது. இடது பையில் நூறு புளியங்கொட்டை, ஒரு கிலோ கவர் ஒன்று போனால் ஒரு கொட்டை வலது பைக்கு. யாருக்கும் சந்தேகம் வராது. வியாழன் 41, வெள்ளி 52, சனி 88, ஞாயிறு 63, திங்கள் 44, செவ்வாய் 39. மொத்தம் 327, சராசரி 55க்குள். காலை விற்பனையைத் தாராளமாக அதில் பாதி என்று சேர்த்தாலும் 82. நன்றாக ஓடுகிற கடையே 82 கவர்தான். அதில் பங்கு கேட்கப் போகிறவனுக்கு 135 எங்கிருந்து வரும்?

நோட்டை என் மேஜையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஜெராக்ஸ் கடைப் பையனை அனுப்பி டீ வாங்கி வரச் சொன்னேன்.

பேப்பர் வேலை

இது ஒன்றும் பெரிய விஷயமில்லை, ஆனால் வரிசை முக்கியம். இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் கட்டட உரிமையாளரிடம் கடைசி ஆறு கரண்ட் பில்லைக் கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்பதால் ஆறு பில் ஒரு வருஷம். முன்பு இருந்தவர் எந்த மாதத்தில் தேய ஆரம்பித்தார் என்று யூனிட் சொல்லிவிடும். இணைப்பு வீட்டுக் கணக்கில் இருந்தால் முதலில் மாற்றச் சொல்லுங்கள், அபராதம் கடைசியில் உங்கள் தலையில்தான் விடியும். எங்கள் ஊரில் பத்து மாத வாடகை அட்வான்ஸ் கேட்பார்கள். ஆறுக்குப் பேசிப் பார்க்கலாம். காலியாகக் கிடந்த கடை என்றால் இறங்கி வருவார்கள்.

உத்யம் பதிவுக்கு அரசுக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. ஆதாரும் பானும் போதும், எந்தப் பேப்பரையும் ஏற்ற வேண்டியதில்லை. நான் தட்டச்சுக் கூலியாக 200 வாங்குகிறேன், சொல்லிவிட்டுத்தான் வாங்குகிறேன். அரசுத் தளம் மாதிரியே முகப்பு வைத்து ஆயிரம், இரண்டாயிரம் பிடுங்கும் தளங்கள் நிறைய. முகவரியின் கடைசியில் 'கவ் டாட் இன்' இருக்கிறதா என்று பாருங்கள். தயாரிப்பா, வாங்கி விற்பதா என்பதைச் சரியாகக் குறியுங்கள். தயாரித்து மற்ற கடைகளுக்குக் கொடுப்பவருக்கு 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி. வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, வங்கியின் முன்னுரிமைக் கடன் மட்டும்தான். ஹோட்டலுக்கு மாவு கொடுக்கும் எண்ணம் இருந்தால், முதல் பில் போடுவதற்கு முன்பே பதிந்துவிடுங்கள். சாப்பாட்டுச் சரக்கு என்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் கட்டாயம்.

பையன் வீரப்பன்சத்திரத்தை விட்டுவிட்டான். சூளைப் பக்கம் ஒரு தெருவில் மறுபடி புளியங்கொட்டையோடு இறங்கினான். அங்கே மாவுக் கடையே இல்லை, மூன்று மெஸ் இருந்தன. கடை எடுக்காமல், வீட்டுத் திண்ணையில் ஒரே கிரைண்டரை வைத்து மெஸ்களுக்கு மட்டும் 36 ரூபாய்க்கு 40 கிலோ கொடுக்க ஆரம்பித்தான். கிலோவுக்கு ஆறு ரூபாய்தான் நிற்கிறது, ஆனால் வாடகை இல்லை, ஆள் இல்லை, வேலையையும் விடவில்லை. விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து போட்டுவிட்டு எட்டரைக்கு வேலைக்குப் போகிறான். மாசி, பங்குனி இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் கடையைப் பற்றிப் பேச வேண்டும் என்று நாள் குறித்திருக்கிறோம்.

போன வாரம் உத்யம் சான்றிதழ் வாங்க வந்தவன், இதை லேமினேட் செய்யலாமா என்று கேட்டான். செய்யலாம், க்யூஆர் கட்டம் மடியாமல் பார்த்துக்கொள் என்றேன்.